மிளகுக்குப் பச்சைக்கறி: ஒரு கிலோ கலவை செய்யும் முறை

எங்கள் வீட்டுப் பூனை மிளகு, சுவரில் ஊரும் பல்லியைப் பிடித்தால் துடிக்கும் வாலைத் தவிர எதையும் மிச்சம் வைக்காது. எலும்பு, ஈரல், குடல் எல்லாம் உள்ளே போய்விடும். அதைப் பலமுறை பார்த்திருந்தும், பச்சைக்கறிக்கு மாறலாம் என்று நினைத்தபோது நான் வாங்கி வந்தது எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி மட்டும். இரண்டு வாரம் அதையே நறுக்கிப் போட்டேன். தடுப்பூசிக்குக் கூட்டிப்போனபோது கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "இதுல கால்சியம் எங்கிருந்து வருது?" நான் முழித்தேன்.

ஒரு கிலோ கோழிக்கறியில் பாஸ்பரஸ் சுமார் 2 கிராம் இருக்கிறது. கால்சியமோ ஏறக்குறைய 0.1 கிராம்தான். பூனைக்குக் கால்சியம் பாஸ்பரஸை விடக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். வெறும் கறி தின்னும் பூனை, குறைகிற கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே உருவி எடுத்துக்கொள்ளும். அடுத்தது டாரின் என்ற அமினோ அமிலம். பூனையின் உடல் இதைப் போதுமான அளவு தானே தயாரிக்காது. டாரின் குறைந்தால் பூனையின் இதயம் வீங்கிப் பலவீனமாகும் என்பதைக் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987இல் கண்டுபிடித்தார்கள். கண்பார்வையும் போகும்.

இதே பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று 2019இல் வெளிவந்தது. வீட்டில் செய்யும் பூனை உணவுக் குறிப்புகள் 114ஐ எடுத்து அலசிப் பார்த்தார்கள். தேவையான சத்து அத்தனையும் சரியான அளவில் இருந்த குறிப்பு ஒன்றுகூட இல்லை. அதனால்தான் புதிதாகத் தொடங்குபவர்களிடம் நான் சொல்வது: கறியை நீங்கள் வாங்குங்கள், சத்துக் கணக்கை உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். பச்சைக்கறியோடு கலப்பதற்கென்றே பூனைகளுக்கான சத்துத்தூள் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. கால்சியம், டாரின், விட்டமின், தாது உப்பு எல்லாம் அதில் சேர்ந்திருக்க வேண்டும். லேபிளைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

தொடங்கும் முன்

வீட்டில் கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, வயதானவர்களோ, எதிர்ப்புசக்தி குறைந்தவர்களோ இருந்தால் பச்சைக்கறி வேண்டாம். பச்சைக்கறியில் சால்மொனெல்லா, லிஸ்டீரியா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். 2024 இறுதியில் அமெரிக்காவில் பறவைக் காய்ச்சல் கிருமி கலந்த பச்சை உணவைத் தின்று பூனைகள் செத்திருக்கின்றன. ஃப்ரீசரில் உறையவைத்தால் சில ஒட்டுண்ணிகள் சாகும், ஆனால் சால்மொனெல்லாவோ அந்தக் கிருமியோ சாகாது. பல கால்நடை மருத்துவர்களுக்கு இந்த உணவே பிடிக்காததற்குக் காரணம் இதுதான். பயமாக இருந்தால் கறியை வேகவைத்துக் கொடுங்கள், தப்பே இல்லை. டாரின் வெந்த நீரில் இறங்கிவிடும் என்பதால் அந்த நீரைக் கொட்டாமல் சேர்த்து, ஆறியபின் தூளைக் கலக்கவும். வேகவைத்த எலும்பு மட்டும் கூடவே கூடாது. கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

குட்டிகளுக்கும், சினைப் பூனைக்கும், சிறுநீரக நோய் உள்ளவற்றுக்கும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

படி 1: சந்தை

நான் போவது சிங்கப்பூர் தேக்கா ஈரச்சந்தைக்கு, வியாழன் காலையில். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்குள் அசைவம் வராது, மாமியாரின் சட்டம். ஒரு கிலோவுக்கு நான் வாங்குவது: எலும்பில்லாத கோழித் தொடை 700 கிராம் (பாதித் தோலோடு), கோழி இதயம் 200 கிராம், கோழி ஈரல் 50 கிராம், ஆட்டுக் குண்டிக்காயோ (சிறுநீரகம்) சுவரொட்டியோ (மண்ணீரல்) 50 கிராம். இதயத்தில் டாரின் அதிகம், விலையும் குறைவு. 50 கிராம் குண்டிக்காய் கேட்டால் கறிக்கடை அண்ணன் சிரிப்பார். "பூனைக்கா? சும்மா எடுத்துட்டுப் போங்க" என்று பல நாள் காசு வாங்குவதில்லை.

ஈரல் நல்லது என்று அள்ளிப் போடாதீர்கள். விட்டமின் ஏ மிகுந்தால் பூனையின் கழுத்தெலும்பு இறுகிப்போகும். சில தூள்களில் விட்டமின் ஏ ஏற்கெனவே இருக்கும்; "ஈரல் சேர்க்கவேண்டாம்" என்று லேபிளில் இருந்தால் அந்த 50 கிராமையும் தொடைக்கறியாக்குங்கள். பச்சை மீனும் வேண்டாம். பல மீன்களில் விட்டமின் பி1ஐ அழிக்கும் பொருள் உண்டு, நெத்திலி உட்பட.

படி 2: நறுக்குவதும் கலப்பதும்

கறியைக் குழாயடியில் கழுவாதீர்கள். தெறிக்கும் நீர் தொட்டி முழுக்கக் கிருமியைப் பரப்பும். பூனைக்கென்று தனிப் பலகை, தனிக் கத்தி. மிக்ஸியில் அரைப்பதானால் முதலில் அதை முகர்ந்து பாருங்கள். நம் வீட்டு மிக்ஸியில் பூண்டு வாசம் இல்லாமல் இருக்குமா? வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நான் தொடையைச் சிறு துண்டாக வெட்டி, உள்ளுறுப்புகளை மட்டும் கத்தியால் கொத்திக் கூழாக்குகிறேன். இல்லாவிட்டால் மிளகு குண்டிக்காயைத் தனியே பொறுக்கித் தரையில் வைத்துவிடும்.

தூளை டப்பாவில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்துக் கறியோடு பிசையவும். அளவுக்குக் கண் போதாது, சமையலறைத் தராசு வேண்டும். முட்டை ஓட்டுத்தூள் போடலாமே என்று கேட்பீர்கள். ஒரு கிலோ கறியின் கால்சியத்துக்கு 6 கிராம் போதும் என்பது உண்மைதான். ஆனால் அது கால்சியத்தை மட்டுமே தரும். துத்தநாகம், அயோடின், விட்டமின் ஈ எதுவும் வராது. சத்துத்தூளும் ஓட்டுத்தூளும் சேர்த்துப் போட்டால் கால்சியம் இரட்டிப்பாகும்.

படி 3: பிரித்து வைப்பது

வளர்ந்த பூனைக்கு ஒரு நாளைக்கு அதன் எடையில் 2.5 முதல் 3 சதவீதம். 4 கிலோ மிளகுக்கு 100 முதல் 120 கிராம், இரண்டு வேளையாக. ஒரு கிலோ ஒன்பது நாள் வரும். நாளுக்கொரு டப்பா என்று பிரித்து, ஒன்றிரண்டை மட்டும் குளிர்பெட்டியில் விட்டு, மற்றதை உடனே ஃப்ரீசரில் வைக்கவும். முந்தைய இரவே எடுத்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் காலைக்குள் இளகிவிடும். இளகியதை மறுபடி உறையவைக்காதீர்கள்.

படி 4: தட்டில்

குளிர்ந்த கறியைப் பூனை முகர்ந்துவிட்டுப் போய்விடும். பையில் போட்டு வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் வைத்துக் கொடுங்கள். நம்மூர் வெயிலில் தட்டு அரைமணி நேரத்துக்கு மேல் கிடக்கக்கூடாது. மிச்சத்தை எறிந்துவிட்டுத் தட்டைச் சுடுநீரில் கழுவவும்.

பழைய உணவோடு ஒரு தேக்கரண்டி பச்சைக்கறியில் தொடங்கி, பத்து, பதினைந்து நாளில் முழுதாக மாறலாம். "பசித்தால் தின்னும்" என்று பட்டினி போடுவது நாய்க்கு ஒருவேளை சரிப்படும், பூனைக்கு ஆபத்து. ஒரு நாளுக்கு மேல் தின்னாமல் கிடந்தால், முக்கியமாகக் குண்டுப் பூனைக்கு, ஈரலில் கொழுப்பு படியத் தொடங்கும். பழைய உணவையே திரும்பக் கொடுங்கள். அதையும் தொடாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

பிறகு தினமும் மணல்தட்டைக் கவனியுங்கள். மலம் குறைவாக, நாற்றம் குறைந்து இருக்கும். வெளுத்துச் சுண்ணாம்புபோல உதிர்ந்தால் கால்சியம் கூடிவிட்டது, தூளின் அளவைத் திரும்ப நிறுத்துப் பாருங்கள். கறுத்து இளகிப் போனால் முதலில் ஈரலைக் குறையுங்கள். ரத்தம் தெரிந்தால், அல்லது இரண்டு நாள் வயிற்றுப்போக்கு நிற்காவிட்டால், மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். பச்சைக்கறி கொடுப்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.