பழைய வரைபடத்தில் ஊர் வரலாறு தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

முதல் தவறு ஊர்ப்பேரிலேயே தொடங்கிவிடும். நாட்டின் வரைபடங்களை வரையும் அரசுத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய வரைபடத் தாள்களில் பேர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கும். ல, ள, ழ மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே எழுத்துதான். புளியங்குளத்தை அதில் படித்துவிட்டு, புலி தண்ணீர் குடிக்க வந்த குளம் என்று எழுதிவிடுவது ரொம்ப எளிது. கரையில் நிற்கும் புளியமரங்களை எழுதியவர் போய்ப் பார்த்திருக்க மாட்டார். கிராமக் கணக்கு, பழைய பத்திரம், ஊர்க்காரர் வாய், இந்த மூன்றில் இரண்டிலாவது தமிழ்ப் பேரை உறுதிசெய்த பிறகே பொருள் சொல்லத் தொடங்குங்கள்.

அடுத்தது வருஷக் குழப்பம். அளந்தது ஒரு வருஷம், ரோடு, ரயில் பாதை என்று சிலவற்றை மட்டும் சேர்த்துத் திருத்தியது ஒரு வருஷம், அச்சடித்தது வேறொரு வருஷம். மேட்டூர் அணை வேலை 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்தது. அதற்கு முன்பு அளந்த தாள் பின்னால் அச்சானாலும், நீர்த்தேக்கம் இருக்க வேண்டிய இடத்தில் காவிரியும் அதன் கரையோர ஊர்களும்தான் தெரியும். அணையில் நீர் வற்றும்போது பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய மாதா கோயில் கோபுரமும் வெளியே வருகின்றனவே, அந்த ஊர்களைத் தேடுகிறவருக்கு அப்படி ஒரு தாள் பெரிய சொத்து. அச்சு வருஷத்தைப் பிடித்துக்கொண்டால் மட்டும் மூழ்கிப்போன ஊரில் ஆட்களைக் குடிவைத்துவிடுவோம்.

மூன்றாவது தவறு எனக்கு மனவருத்தம் தருவது. 'வரைபடத்தில் இல்லை, அதனால் இருந்ததில்லை' என்கிற முடிவு. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வரைந்த தாளில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 63 மீட்டர். பத்து வீடுகள் இருந்த குடியிருப்பு அதில் ஒரு புள்ளி ஆகும், அல்லது விட்டுப்போகும். பல தாள்களில் சேரிக்குத் தனிப் பேர் கிடையாது. பெரிய ஊரின் பேருக்குக் கீழே அதுவும் அடங்கிவிடும். அந்த வெற்றிடத்தை நம்பி எழுதினால், ஒரு தெரு சனத்தையே இரண்டாம் முறை விட்டுவிட்டோம் என்று அர்த்தம்.

பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பது நானே செய்த தவறு. சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க் கிராமத்துக்கு, அந்தப் பகுதி வரும் 58-ஆம் எண் வரிசைத் தாளின் நகலை எடுத்துக்கொண்டு போனேன். மந்தையில் உட்கார்ந்திருந்த ஓர் அப்பத்தாவிடம் அதை விரித்துக் காட்டி, "இந்தப் பொட்டல்ல பழைய கோயில் இருந்துச்சாமே அப்பத்தா?" என்று கேட்டுவிட்டேன். "ஆமய்யா, இருந்துச்சு" என்றார். நான் ஆசையாகக் கேட்டேன், அவர் ஆசையாகத் தலையாட்டினார். அந்தப் பதிலை நான் எங்கும் எழுதவில்லை.

மறுநாள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "கரையில நின்னா பெரிய மடை எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டேன். அப்பத்தா எழுந்தே விட்டார். பெரிய மடை, நடுமடை, கலுங்கு என்று கையை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு மடைக்கும் கீழே உள்ள வயல் தாக்குகளின் பேர் வரிசையாக விழுந்தது. கடைசியில் "அதுக்கங்குட்டு பழையூருப் பொட்டல்" என்றார். ஏன் அந்தப் பேர் என்றேன். "எங்க மாமியா காலத்துக்கு முன்ன ஊரு அங்கதான். பேதி வந்து கெளம்பி வந்துட்டாகளாம்." வரைபடத்தில் அந்த இடத்தில் வீடு எதுவும் இல்லை. ஆனால் வெட்டவெளியில், வயலும் இல்லாத இடத்தில், ஒரு கிணற்றுக் குறி. அதுவரை அந்தக் குறியை நான் கவனித்ததே இல்லை.

அப்படி ஒரு பொட்டலில் பானை ஓடு கிடந்தால் பொறுக்கிக்கொண்டு வராதீர்கள். கிடந்த இடத்திலேயே படம் எடுத்துவிட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். இடம் மாறிய ஓடு பாதிச் செய்தியை இழந்த ஓடு.

குறிகளைத் தவறாகப் படிப்பதும் உண்டு. கண்மாய்க் கரையின் பக்கத்தில் ஓர் எண்ணும் சின்ன 'ஆர்' எழுத்தும் இருந்தால் அது கடல்மட்ட உயரம் அல்ல, பக்கத்துத் தரையிலிருந்து கரை எவ்வளவு உயரம் என்பது. பழைய தாளில் அடிக்கணக்கு, பிற்பாடு வந்த 1:50,000 அளவுத் தாளில் மீட்டர். 10 என்பதை மாற்றிப் படித்தால் மூன்று மடங்கு கரை எழும்பிவிடும்.

செயற்கைக்கோள் படத்தின் மேல் பழைய தாளைப் போர்த்திப் பார்க்கிறவர்கள் கோயில் நகர்ந்துவிட்டது என்று பதறுவார்கள். பழைய தாள்கள் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் நீளுருண்டை என்ற கணக்கை வைத்து வரைந்தவை, ஜி.பி.எஸ். கணக்கு வேறு. நம் பக்கம் நூறு மீட்டருக்கு மேலேயே விலகும். 19-ஆம் நூற்றாண்டுத் தாள் என்றால் இன்னும் மோசம். அன்று மெட்ராஸ் வானாய்வகத்தின் தீர்க்கரேகையை 80 பாகை 17 நிமிடம் 21 நொடி என்று வைத்துக்கொண்டிருந்தார்கள், அது சுமார் இரண்டரை நிமிடம் கூடுதல். தரையில் நாலரை கிலோமீட்டர். இன்றும் இடம் மாறாத இரண்டு மூன்று புள்ளிகளை, கோயில் கோபுரம், பாறைக் குன்று மாதிரி, முதலில் பொருத்திவிட்டு மற்றதைப் பாருங்கள்.

தாளை ஊரில் விரித்தால் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "தம்பி, எங்க வயக்காட்டு எல்லை இதுல எங்க இருக்கு?" காட்டிவிடாதீர்கள். பட்டா எல்லை இந்தத் தாளில் கிடையாது. கோட்டின் தடிமனே தரையில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் வரும். நீங்கள் விரல் வைத்த இடத்தை வைத்து அண்ணன் தம்பிக்குள் வழக்கு கிளம்பும். ஒவ்வொரு வயலின் அளவைக் காட்டும் புலப்படமும், நிலம் யார் பேரில் என்று காட்டும் அ-பதிவேடும் வருவாய்த் துறையில் இருக்கின்றன, அந்தக் கேள்வியை அங்கே அனுப்பிவிடுங்கள்.