ரெய்டு இருக்கிறதே என்று எஸ்எஸ்டியைக் கவனிக்காமல் விடாதீர்கள்

"ஒன்று போனால் போகட்டும், அதுதான் ரெய்டு இருக்கிறதே." சிங்கப்பூரில் தை செங், ஜூரோங் பக்கத் தரவு நிலையங்களில் சர்வர் பார்க்கும் நம்மவர்கள் அடிக்கடி சொல்வது இது. ஒரு டிரைவ் பழுதானாலும் தரவு தொலையாதபடி பல டிரைவ்களைச் சேர்த்து வைக்கும் ஏற்பாடுதான் ரெய்டு. ஹார்ட் டிஸ்க் காலத்தில் ஓரளவு சரிதான். அவை பெரும்பாலும் ஆளுக்கொரு நாளில் பழுதாகும். ஃபிளாஷ் சில்லுகளில் தரவை வைக்கும் எஸ்எஸ்டி எழுத எழுதத் தேயும். ரெய்டோ எல்லா டிரைவிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் எழுதுகிறது. ஒரே பெட்டியில் வந்து ஒரே நாளில் மாட்டிய எட்டு டிரைவும் சேர்ந்தே தேயும். டிரைவுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரில் பிழை இருந்தால் அது எட்டிலும் இருக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2019 நவம்பரில் சர்வர் தயாரிக்கும் எச்பிஇ நிறுவனம், எஸ்ஏஎஸ் என்ற சர்வர் இணைப்பு வகையைச் சேர்ந்த தன் சில எஸ்எஸ்டிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை விடுத்தது. மின்சாரத்தில் 32,768 மணி நேரம், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம் ஓடியதும் டிரைவ் செத்துவிடும். டிரைவும் திரும்பாது, தரவும் திரும்பாது. 32,768 என்பது இரண்டின் 15ஆம் அடுக்கு என்பதைக் கவனித்தால், மணியை எண்ணும் கணக்கில்தான் கோளாறு இருந்திருக்கும் என்று கணினிக்காரர்களுக்குப் புரிந்துவிடும். 2020 மார்ச்சில் வேறு சில மாடல்களுக்கு இன்னோர் எச்சரிக்கை, இம்முறை 40,000 மணி நேரம். ஒன்றாக மாட்டியவை சில நிமிட இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் எந்த ரெய்டு காப்பாற்றும்? இரண்டுக்கும் மருந்து ஃபர்ம்வேர் அப்டேட்தான்.

அந்த அப்டேட்டைத்தான் நாம் தள்ளிப்போடுகிறோம். வங்கிப் பணியில் இருப்பவர்களின் தயக்கம் புரிகிறது. முக்கிய அமைப்பு ஒன்று 12 மாதத்தில் மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேல் திட்டமிடாமல் முடங்கக்கூடாது என்பது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி. ஆனால் அறிவித்துச் செய்யும் பராமரிப்பு அந்தக் கணக்கில் வராது, செத்த டிரைவ் வரும். முதலில் ஒரு சர்வரில் போட்டுப் பாருங்கள், அப்புறம் மற்றவற்றுக்கு. முடிந்தால் ஒரே ரெய்டில் வெவ்வேறு தொகுதி டிரைவ்களைக் கலந்து மாட்டுங்கள்.

அடுத்து, எண்களைத் தப்பாகப் படிப்பது. என்விஎம்இ என்ற வேகமான இணைப்பு வகை எஸ்எஸ்டி, தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பதிவில் 'பர்சன்டேஜ் யூஸ்ட்' 100 என்றால் டிரைவ் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. தயாரிப்பாளர் கணித்த எழுத்து ஆயுள் தீர்ந்தது, அவ்வளவே. அது 100ஐத் தாண்டியும் போகும். உண்மையில் பயப்பட வேண்டியது மிச்சமிருக்கும் மாற்று இடத்தைக் காட்டும் 'அவைலபிள் ஸ்பேர்' சரிந்து அதன் எல்லையைத் தொடும்போதும், தரவுப் பிழைகளை எண்ணும் 'மீடியா எரர்' ஏறும்போதும்தான். இதுவரை எழுதிய அளவைக் காட்டும் 'டேட்டா யூனிட்ஸ் ரிட்டன்' என்பதில் ஒரு யூனிட் 5,12,000 பைட். 512 என்று பெருக்கினால் கணக்கு ஆயிரம் மடங்கு குறைந்து, டிரைவ் புதிது போலத் தெரியும்! ஒரு நாள் எண்ணை மட்டும் பார்த்தாலும் பயனில்லை. 3.84 டெராபைட் டிரைவ், தினம் ஒரு முறை டிரைவ் முழுக்க எழுதலாம், 5 ஆண்டு உத்தரவாதம் என்றால் மொத்தம் 7,008 டெராபைட் எழுதலாம். மாதத்துக்கு எவ்வளவு கரைகிறது என்று தொடர்ந்து பதிவு செய்தால், மாற்று டிரைவை எப்போது ஆர்டர் செய்வது என்பது தானே தெரியும். ரெய்டு கார்டுக்குப் பின்னால் இருக்கும் டிரைவ்கள் இயங்குதளத்துக்கு நேரடியாகத் தெரியாமல் போகலாம். 'எல்லாம் ஓகே' என்று வரும் அறிக்கை எதைப் பார்த்து வந்தது என்று ஒரு தடவை சோதியுங்கள்.

அவசரத்துக்கு சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைகளில் வீட்டுக் கணினி எஸ்எஸ்டி வாங்கி மாட்டுவதும் நடக்கிறது. மின்சாரம் போனாலும் கையிலிருப்பதை எழுதி முடிக்கச் சற்று மின்சாரம் தரும் கப்பாசிட்டர் பெரும்பாலும் அவற்றில் கிடையாது. அதனால் டேட்டாபேஸ் 'எழுதியாயிற்றா' என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் ஃபிளாஷில் எழுதி முடித்துத்தான் பதில் சொல்ல முடியும், வேகம் படுத்துவிடும்.

வெப்பத்தையும் பாருங்கள். 2023இல் வந்த எஸ்எஸ் 697 என்ற சிங்கப்பூர்த் தரநிலை, வெப்பமண்டலத் தரவு நிலையங்களைப் படிப்படியாக 26 டிகிரியிலும் அதற்கு மேலும் இயக்க வழிசொல்கிறது. மின்செலவுக்கு நல்லது. ஆனால் அறை வெப்பமானி போதாது. எச்சரிக்கை வெப்பத்துக்கு மேல் எத்தனை நிமிடம் இருந்தது என்பதை என்விஎம்இ டிரைவே எண்ணி வைத்திருக்கும்.

கழற்றியதை ஏசி இல்லாத ஸ்டோர் அறையில் போட்டு 'பேக்கப்' என்று நம்பாதீர்கள். எழுத்து ஆயுள் முடிந்த நிறுவன எஸ்எஸ்டி, மின்சாரமின்றி 40 டிகிரியில் 3 மாதம் தரவைக் காத்தால் போதும் என்பதே மின்னணுத் துறைக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் அளவுகோல். தூக்கிப் போடுவதானாலும், மேலே மேலே எழுதி அழிப்பது போதாது. டிரைவ் தனக்கென ஒதுக்கிய பகுதியை அது எட்டாது. எல்லாவற்றையும் டிரைவையே அழிக்க வைக்கும் 'சானிடைஸ்' கட்டளைதான் சரி. செத்த டிரைவுக்கு அந்தக் கட்டளையும் கொடுக்க முடியாது. அதில் வாடிக்கையாளர் விவரம் இருந்தால், உத்தரவாதத்துக்காகத் திருப்பி அனுப்பும்போது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்களைத்தான் கேட்கும். முதல் நாளே, தரவைச் சங்கேதமாக்கி எழுதும் என்கிரிப்ஷனை இயக்கிவிடுங்கள். அல்லது பழுதான டிரைவை நாமே வைத்துக்கொள்ளும் ஒப்பந்தத்தைச் சர்வர் வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.