ஹிஸ்டமின் புற்றுநோய்ச் செல்லை வளர்க்கிறதா, ஒடுக்குகிறதா? சோதித்துப் பார்க்கும் முறை

ஹிஸ்டமின் செல்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள். செல்லிலுள்ள எச்1 முதல் எச்4 வரையான நான்கு ஏற்பிகளில் (செய்தியைப் பிடிக்கும் புரதங்கள்) அது எதில் ஒட்டுகிறதோ, அதைப் பொறுத்தே செல்லுக்குள் நடப்பது மாறும். எச்1 கால்சியத்தை உயர்த்தும். எச்2 சைக்ளிக் ஏஎம்பி என்ற, செல்லுக்குள் செய்தி கடத்தும் மூலக்கூறைக் கூட்டும். எச்3, எச்4 அதைக் குறைக்கும். இந்தக் கடைசி இரண்டுக்கும் நானோமோலார் (மைக்ரோமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவே போதும்; மற்றவற்றுக்கு மைக்ரோமோலார் வேண்டும். எம்டிஏ-எம்பி-231 மார்பகப் புற்றுநோய்ச் செல்கள் குறைந்த செறிவில் கூடுதலாகப் பெருகும், 10 மைக்ரோமோலாரில் தணியும். ஒரே செறிவை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் செல்லில் எந்தெந்த ஏற்பி இருக்கிறது என்று முதலில் ஆர்டி-பிசிஆரில் (மரபணுவின் ஆர்என்ஏ நகலைக் கண்டறியும் சோதனை) பாருங்கள். எச்4-க்கான எதிர்ப்பொருள்கள் பலவும் நம்பத்தகாதவை. அதனால் வெஸ்டர்ன் பட்டை (எதிர்ப்பொருளால் புரதத்தைக் காட்டும் சோதனை) மட்டும் போதாது.

18.4 மி.கி. ஹிஸ்டமின் டைஹைட்ரோகுளோரைடு, 10 மி.லி. நீர்: இது 10 மில்லிமோலார் மூலக்கரைசல், இதை நீர்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். புட்டியில் உப்பாக இல்லாத ஹிஸ்டமின் இருந்தால் 11.1 மி.கி.தான். லேபிளைப் பார்த்துவிட்டு எடை போடுங்கள்.

96 குழித் தட்டில் குழிக்கு 3,000 செல்கள் இட்டு, ஓர் இரவு ஒட்டவிடுங்கள். ஓரக் குழிகள் சீக்கிரம் ஆவியாகும். அங்கே வெறும் ஊடகம் போதும். மறுநாள் 1% சீரம் (இரத்தத்தின் தெளிநீர்) உள்ள ஊடகம் 90 மைக்ரோலிட்டர், தடுப்பானோடு (ஏற்பியை அடைக்கும் மருந்து; பட்டியல் கீழே). 30 நிமிடம் கழித்துப் பத்து மடங்குச் செறிவில் ஹிஸ்டமின் 10 மைக்ரோலிட்டர். அதிலும் அதே அளவு தடுப்பான் இருக்கட்டும், இல்லையேல் நீர்த்துப்போகும். இறுதிச் செறிவு 10 நானோமோலார் முதல் 100 மைக்ரோமோலார் வரை, பத்துப் பத்து மடங்காக. ஒவ்வொன்றுக்கும் 6 குழிகள், 72 மணி நேரம்.

பலர் கோட்டைவிடுவது சீரத்தில். மாட்டுச் சீரத்திலுள்ள டைஅமின் ஆக்சிடேஸ் ஹிஸ்டமினைச் சிதைக்கும். அப்போது பிறக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு செல்லைக் கொல்லும். ஏற்பி ஒடுக்கியதுபோலவே அது தெரியும். அதனால் அந்த நொதியைத் தடுக்கும் அமினோகுவானிடின் சேர்த்த குழி ஒன்று, பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் சேர்த்த குழி ஒன்று கட்டாயம். கேட்டலேஸ் இட்டதும் ஒடுக்கம் மறைந்தால், அது ஏற்பியின் வேலையல்ல.

தடுப்பான்கள் 1 மைக்ரோமோலார்: எச்1-க்கு மெப்பிரமின், எச்2-க்கு ஃபாமோடிடின், எச்4-க்கு ஜேஎன்ஜே-7777120. தயோபெரமைடு எச்3, எச்4 இரண்டையும் அடைக்கும். அதை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. இவை ஹிஸ்டமினோடு போட்டியிடுபவை, ஆகவே 100 மைக்ரோமோலாருக்கு எதிரே தோற்கக்கூடும். விளைவு தென்பட்ட மிகக் குறைந்த செறிவில்தான் சோதியுங்கள். டெர்ஃபெனடின், லோரடடின் போன்ற எச்1 தடுப்பான்களை அளவு மீறிச் சேர்த்தால் லைசோசோமில் (செல்லின் கழிவு செரிக்கும் பை) சேர்ந்து, ஏற்பி இல்லாமலே செல்லைச் சாகடிக்கும். எனவே தடுப்பான் மட்டும் இட்ட குழியும் வேண்டும். அதில் வளர்ச்சி மாறினால் இன்னொரு காரணமும் உண்டு: செல்லே ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஹிஸ்டமின் தயாரித்துக்கொண்டிருக்கலாம்.

72 மணி நேரம் முடிந்ததும் வளர்ச்சியை அளக்க வழக்கமாகப் பயன்படும் எம்டிடி என்ற நிறச் சோதனை காட்டுவது செல்லின் வளர்சிதைமாற்றத்தை, எண்ணிக்கையை அல்ல. இறந்த செல்களை மட்டும் நீலமாக்கும் டிரிப்பான் நீலம் இட்டு எண்ணியும் பாருங்கள்.