வண்டி இடித்துவிட்டது, தப்பு யார் மேல்? டெலிவரி வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மதுரை மாட்டுத்தாவணி பக்கம் ஒரு பார்சல் ஹப்பில் நாலு வருடம் ரைடராக ஓடினேன். இப்போது வேறொரு இடத்தில், விபத்து நடந்தால் அறிக்கை எழுதி வாங்குகிற வேலை. மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

படி 1: மூன்று தப்பைப் பிரித்துப் பாருங்கள்

போலீஸ் பார்ப்பது, நீங்கள் அஜாக்கிரதையாக ஓட்டினீர்களா என்பதை. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பார்ப்பது, யார் பங்கு எவ்வளவு என்பதை. 70-30 என்றுகூடப் பிரிப்பார்கள். கம்பெனி கேட்பதோ வேறு கேள்வி: “நீ நினைத்திருந்தால் இதைத் தவிர்த்திருக்க முடியுமா?” அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் பரப்பிய அளவுகோல் இது, பெரிய டெலிவரி கம்பெனிகள் பல இதை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்கின்றன. போலீஸ் கேஸே இல்லாத விபத்தில் கம்பெனி உங்களைக் குற்றவாளியாக்குவது இப்படித்தான்.

என் கதையே அதுதான். சிம்மக்கல்லில் ஒரு ஷேர் ஆட்டோ, யாரோ கை காட்டியதும் நட்டநடு ரோட்டில் நின்றது. நான் பின்னால் போய் முட்டினேன். ஆட்டோக்காரரே “விடு தம்பி, என் மேலயும் தப்பு இருக்கு” என்று போய்விட்டார். ஹப்பில் விடவில்லை. ஜி.பி.எஸ்.ஸில் வேகம் 41. “ஷேர் ஆட்டோ எங்க வேணா நிக்கும்னு மதுரைக்காரனுக்குத் தெரியாதா?” என்றார் டீம் லீடர். எனக்குப் பதில் இல்லை. பையில் இன்னும் 19 பார்சல் மிச்சம் இருந்ததையும் ரெண்டு மணிக்குள் முடிக்கச் சொன்னதையும் மட்டும் யாரும் அறிக்கையில் எழுதவில்லை. இன்றுவரை எனக்கு அதில் வருத்தம்தான்.

படி 2: ஸ்பாட்டில் செய்ய வேண்டியவை

அடிபட்டவர் இருந்தால் முதலில் 108. மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவின்படி அவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை. போலீசுக்கும் 24 மணி நேரத்துக்குள் தகவல் போயாக வேண்டும். கூட்டம் அடிக்க வந்தால்? அப்படிப்பட்ட நிலையில் நீங்கள் அங்கேயே நின்று உதவ வேண்டியதில்லை என்று அந்தப் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் நேராக ஸ்டேஷனுக்குப் போங்கள், வீட்டுக்கல்ல.

அப்புறம் போட்டோ. எல்லோரும் உடைந்த இண்டிகேட்டரைத்தான் நெருங்கி எடுக்கிறார்கள். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வண்டிகளை நகர்த்துவதற்கு முன், பத்து அடி தள்ளி நின்று, இரண்டு வண்டியும் ரோட்டின் ஓரமும் ஒரு கடைப் பலகையும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி எடுங்கள். முன்சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது தெரியட்டும். யாருடைய பாதைக்குள் யார் வந்தார்கள் என்பதைக் கண்டுபிடிக்க அந்தச் சக்கரம் உதவும்.

மாசி வீதிகளில் பெரும்பாலான கடைகளில் கேமரா உண்டு. அன்றைக்கே போய்க் கேளுங்கள். பழைய பதிவு தானாக அழிந்துகொண்டே போகும்.

போலீசில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, வாங்காமல் வராதீர்கள்.

படி 3: அறிக்கை எழுதுவது

நிறையப் பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள். “சும்மா ஃபார்மாலிட்டிக்குத்தான், எழுதிக் குடுப்பா” என்பார்கள். பையனும் “நான் கவனிக்காமல் இடித்துவிட்டேன், மன்னிக்கவும்” என்று எழுதிக் கையெழுத்துப் போடுவான். விசாரணை அதோடு முடிந்தது.

கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். இப்படி: “மதியம் 1.10. கீழமாசி வீதி. குட்டியானையில் லோடு இருந்ததால் பின்கண்ணாடி வழியே தெரியவில்லை. உதவிக்கு ஆள் அனுப்பவில்லை. இரண்டு பக்கக் கண்ணாடியும் பார்த்து, ஹாரன் அடித்து ரிவர்ஸ் எடுத்தேன். இடது பின்மூலை, நிறுத்தியிருந்த பைக்கில் பட்டது.” இதிலும் தப்பு உங்கள் பக்கம்தான் விழும், மறைக்கவில்லை. ஆனால் ஆள் அனுப்பாத கம்பெனியின் பங்கும் காகிதத்தில் ஏறிவிடுகிறது.

படி 4: எது யார் கணக்கில் விழும்

பின்னால் முட்டினால், ரிவர்ஸில் இடித்தால் அநேகமாக நீங்கள்தான். சரியான இடத்தில் நிறுத்திய வண்டியில் யாராவது வந்து மோதினால் நீங்கள் இல்லை. கிளைச்சாலையிலிருந்து மெயின் ரோட்டில் ஏறும்போது அடிபட்டால், வழிவிட வேண்டியவர் நீங்கள் என்று விதி சொல்கிறது. ராத்திரி விரகனூர் ரிங் ரோட்டில் மாடு குறுக்கே வந்தது போன்றவை இழுபறிதான். வேகம் என்ன, ஹெட்லைட் எரிந்ததா என்று நோண்டுவார்கள். அந்த நேரத்தில் போனில் கால் ஓடியிருந்தால் மற்றதெல்லாம் அடிபட்டுப் போகும்.

படி 5: பணம்

தப்பு உங்கள் மேல் என்று கம்பெனி முடிவு கட்டிய உடனே சம்பளத்தில் பிடித்துவிட முடியாது. சேதத்துக்காகப் பிடிப்பதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும். ஆன சேதத்தை விட ஒரு ரூபாய்கூட அதிகம் பிடிக்கக் கூடாது. சம்பளச் சட்டத்திலேயே இருக்கிறது. ரிப்பேர் பில் எங்கே என்று கேளுங்கள். இன்சூரன்ஸில் கிளைம் பண்ணினால் நோ கிளைம் போனஸ் (கிளைம் பண்ணாத வருடத்துக்குப் பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடி) போய்விடும் என்பதற்காக ரைடரிடம் வாங்கப் பார்க்கிற முதலாளிகளும் உண்டு.

உங்களுக்கு அடிபட்டிருந்தால் கணக்கே வேறு. வேலை நேரத்தில், வேலையால் வந்த காயம் என்றால், தப்பு உங்களுடையதாக இருந்தாலும் இழப்பீடு உண்டு. 1923-ல் வந்த சட்டத்தின் கொள்கை இது. குடித்திருந்தாலோ, பாதுகாப்புக்குச் சொன்னதை வேண்டுமென்றே மீறியிருந்தாலோ மறுக்கலாம். உயிரிழப்பு, நிரந்தர முழு ஊனம் என்றால் அந்தக் காரணங்களும் செல்லாது. சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்திருந்தால் அந்த வழியாகத்தான் வரும்.

ஆப்பில் ஓடுகிறவர்களை ‘பார்ட்னர்’ என்று சொல்லி இதிலிருந்தெல்லாம் நழுவுவார்கள். அங்கே விசாரணை என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது, ஐ.டி.யை பிளாக் பண்ணுவதுதான். தமிழ்நாட்டில் இப்படி ஆப் வழியாக வேலை செய்கிற கிக் தொழிலாளர்களுக்கென 2023-ல் நல வாரியம் அமைத்திருக்கிறார்கள், பதிந்து வையுங்கள். விபத்துக் காப்பீடு இருக்கிறதா, எவ்வளவு என்பதை ஆப்பில் இப்போதே தேடி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் காகிதத்தை நீட்டினாலும், கையெழுத்துப் போடும் முன் ஒன்று, போட்ட பின் ஒன்று என்று போனில் இரண்டு படம் எடுத்துவிடுங்கள். நான் இப்போது உட்கார்ந்திருக்கும் மேசையில் அதைச் செய்கிற பையன்கள் ரெண்டு மூணு பேர்தான். அவர்களிடம் பேசும்போது எங்கள் மேனேஜரின் குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும்.