மலையகத்தில் பிளாஸ்டர் கட்டைப் பேணும் முறை

கொழுந்து மலையின் ஈரச் சரிவில் வழுக்கி, விழும் வேகத்தில் கையை ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொண்டவர்களும், லயத்துப் (தோட்டத்து வரிசை வீட்டுப்) படியில் கால் பிசகிக் கணுக்கால் முறிந்தவர்களும் இலங்கை மலையகத்தின் எல்லாத் தேயிலைத் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். வைத்தியசாலையில் எலும்பை நேராக்கிக் கட்டுப் போட்டதோடு சிகிச்சை முடிந்துவிட்டதென்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் மணிக்கட்டு முறிவுக்குச் சுமார் ஆறு வாரமும், முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு முறிந்தால் மூன்று மாதமோ அதற்கு மேலோ அந்தக் கட்டு வீட்டில்தான் இருக்கப்போகிறது. முதல் மூன்று நாட்களில் வீட்டார் எதைக் கவனிக்கிறார்கள், எதைக் கண்டவுடன் விடியும்வரை காத்திராமல் புறப்படுகிறார்கள் என்பதே சிலவேளை அந்தக் கையையோ காலையோ காப்பாற்றுகிறது.

கட்டு காயும் வரை

பிளாஸ்டர் மா சில நிமிடங்களில் இறுகிவிடும். அப்போது உள்ளே இளஞ்சூடு தெரிவது இயல்பு. ஆயினும் இறுகுவது வேறு, காய்வது வேறு. கட்டு முழுவதும் காய்ந்து பலம் பெறுவதற்கு 24 முதல் 72 மணித்தியாலம் வரை செல்லும். நுவரெலியா, தலவாக்கலை, மஸ்கெலியா போன்ற இடங்களில் மழையும் பனிமூட்டமும் நிற்கும் மாதங்களில் மூன்று நாளும் தேவைப்படும் என்றே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். ஈரமான கட்டு சாம்பல் சாயலுடன், தொட்டால் குளிர்ந்து, கனமாக இருக்கும். விரலால் தட்டினால் மந்தமாக ஒலிக்கும். காய்ந்த கட்டு வெளுத்து, எடை குறைந்து, தட்டும்போது தெளிவான ஓசை தரும். இந்த வேறுபாட்டைக் கையால் தொட்டும் காதால் கேட்டும் அறிந்துகொள்வதே நாட்களை எண்ணுவதைவிட நம்பகமானது.

சீக்கிரம் காயட்டும் என்று விறகடுப்பின் அருகே கையை நீட்டிக்கொண்டிருப்பது நம் வீடுகளில் சாதாரணமாக நடப்பது. அதைச் செய்யவே கூடாது. வெளிப்பக்கம் மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் தங்கும், மா வெடிக்கும், சூடு உள்ளே இறங்கித் தோலைச் சுட்டாலும் கட்டின் மறைவில் அது கண்ணுக்குத் தெரியாது. கம்பளியால் மூடுவதும் ஈரத்தை அடைத்துவைக்கும். உடம்பைப் போர்த்திக்கொண்டு கட்டை மட்டும் திறந்த காற்றில், தலையணையின் மேல் வைத்து, சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றி வைத்தால் போதும். ஈரக் கட்டைத் தூக்க நேர்ந்தால் விரல் நுனியால் பிடிக்காமல் உள்ளங்கையால் தாங்க வேண்டும், ஏனென்றால் விரல் பதிந்த பள்ளம் அப்படியே இறுகி, உள்ளே தோலை அழுத்திப் புண்ணாக்கும். காலில் போட்ட கட்டானால் குதிகால் தலையணை விளிம்புக்கு வெளியே நிற்கட்டும். காயும் முன் அதை ஊன்றி நிற்கக் கூடாது. காய்ந்த பின்னும் வைத்தியர் அனுமதித்தால் மட்டுமே ஊன்றலாம்.

பைபர் கிளாஸ் கட்டு அரை மணித்தியாலம் அளவில் இறுகிவிடும், எடையும் குறைவு. வீக்கத்தைப் பற்றி அடுத்துச் சொல்லப்போவது அதற்கும் பொருந்தும்.

வீக்கமும் விரல்களும்

முறிந்த இடம் முதல் இரண்டு மூன்று நாட்களில் வீங்கும், கட்டோ விரிந்துகொடுக்காது. ஆகையால் அந்த நாட்களில் கையை அல்லது காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைப்பதே முதல் வேலை. கையைக் கழுத்திலிருந்து துணியால் தொங்கவிட்டிருந்தால், உள்ளங்கை முழங்கைக்குக் கீழே சரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களை, விழித்திருக்கும் நேரமெல்லாம், மணிக்கு ஒருமுறையாவது மடக்கி நீட்ட வேண்டும். மோதிரம், வளையல், மெட்டி எதுவானாலும் வீங்கும் முன்பே கழற்றிவிடுங்கள்.

விரல் நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த நிறம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். இந்தச் சோதனையை மலையகத்தில் செய்யும்போது ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். மார்கழி, தை மாதக் காலைக் குளிரில் நல்ல கையின் விரலும் வெளுத்துச் சில்லிட்டிருக்கும். எனவே கட்டுப் போட்ட கையை மட்டும் பார்த்துப் பயப்படவும் கூடாது, குளிர்தானே என்று அலட்சியமாக விடவும் கூடாது. இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கால்விரலுக்குக் காலுறை மாட்டியிருந்தால் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

மாத்திரை போட்டும், உயர்த்தி வைத்தும் வலி குறையாமல் ஏறிக்கொண்டே போவது, வேறொருவர் விரலை மெல்ல நீட்டிவிட்டாலே தாங்க முடியாமல் வலிப்பது, விரல் மரத்துப்போவது, மறுபக்கத்துக் கை அல்லது காலின் விரல்களைவிட வெளுப்பது அல்லது நீலம் பாரிப்பது, அசைக்க முடியாமற் போவது ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். கட்டுக்குள் அழுத்தம் ஏறித் தசைக்கு இரத்தம் செல்வது தடைப்படுவதே இதற்குக் காரணம். அந்த நிலை ஆறு மணித்தியாலம் அளவில் நீடித்தாலே தசையும் நரம்பும் திரும்பப் பெற முடியாதபடி கெட்டுவிடலாம். எல்லா அடையாளமும் ஒன்றுசேரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடங்காமல் ஏறும் வலி ஒன்றே புறப்படப் போதும். கிளினிக் திகதி அடுத்த வாரம் என்பதும், இரவில் பஸ் இல்லை என்பதும் இங்கே காரணமாகக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். உங்கள் லயம் வரை வாகனம் ஏறாதென்றால், எந்தச் சந்திக்கு நோயாளியைக் கொண்டுவருவீர்கள் என்பதை அழைக்கும்போதே சொல்லிவிட்டு, தூக்கிச் செல்ல ஆட்களைச் சேர்த்துவிடுங்கள். குடித்து வலியை மறப்பது இந்த அடையாளங்களை மறைத்துவிடும் என்பதால் அதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும்.

காலில் கட்டு இருப்பவருக்கு எந்த வாரத்திலும் கெண்டைக்காலில் புதிய வலியோ, திடீர் மூச்சுத்திணறலோ, நெஞ்சுவலியோ வந்தாலும் இதே அவசரம்தான். அது இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம்.

தண்ணீர், அரிப்பு, எண்ணெய்

மா நனைந்தால் இளகி, எலும்பைத் தாங்கும் பலத்தை இழந்துவிடும். பைபர் கிளாஸின் வெளிப்புறம் தண்ணீருக்குக் கெடாது; ஆனால் உள்ளே சுற்றிய பஞ்சு நனைந்தால் எளிதில் காயாது, தோல் ஊறிப் புண்படும். ஆகவே கட்டு இருக்கும்வரை தண்ணீர்ப் பீலியின் கீழ் நின்று குளிப்பதை விட்டுவிட்டு, உட்கார்ந்து வாளியில் சுடுநீர் வைத்துத் துணியால் துடைத்துக்கொள்வதே நல்லது. தலைக்கு ஊற்ற வேண்டுமானால் கட்டின் வாயில் ஒரு துவாயைச் சுற்றி, மேலே இரண்டு சொப்பிங் பைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கட்டி, கையை வாளிக்கு எதிர்ப்பக்கம் உயர்த்திப் பிடிக்க வேண்டும். குளித்து முடித்தவுடன் பையைக் கழற்றிவிடுங்கள். வியர்வையும் கட்டை நனைக்கும். விரல் திறந்த காலோடு ஈரப்புல்லில் இறங்க வேண்டாம். அட்டை கடித்த இரத்தம் கட்டின் பஞ்சில் ஊறிவிட்டால், அது உள்ளே ஏற்பட்ட புண்ணிலிருந்து கசிந்ததா என்ற குழப்பம் பிறகு எல்லோருக்கும் வரும்.

அரிப்பு வரத்தான் செய்யும். ஈர்க்கு, குடைக்கம்பி, பின்னல் ஊசி எதையும் உள்ளே விடக் கூடாது. தோலில் ஏற்படும் சிறு கீறல்கூட இருட்டிலும் வெதுவெதுப்பிலும் சீழ் பிடிக்கும். கட்டின் மேல் மெதுவாகத் தட்டுவது கொஞ்சம் ஆறுதல் தரும். கட்டுக்குள்ளிருந்து துர்நாற்றம் வந்தாலோ, புதிய கறை படர்ந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, ஓரிடத்தில் மட்டும் எரிச்சல் தொடர்ந்தாலோ வைத்தியசாலைக்குச் சென்று காட்டுங்கள். வீக்கம் வடிந்து கட்டு தளர்ந்து ஆடத் தொடங்கினாலும் செல்ல வேண்டும். தளர்ந்த கட்டுக்குள் எலும்பு இடம் மாறிவிடலாம்.

முறிவு நெறிவு வைத்தியரிடம் நம் மக்களுக்கு உள்ள நம்பிக்கையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கட்டுக்குள் எண்ணெய் ஊற்றுவதும், இடையில் கட்டை அவிழ்த்துப் பத்துப் போடுவதும், நேராக்கிய எலும்பு மறுபடி விலகவும் தோல் அழுகவும் வழிசெய்யும். இந்தக் காலத்துக்குள் இரண்டு முறையையும் கலக்க வேண்டாம்.

படிகளில் ஊன்றுகோல்

ஊன்றுகோலின் மேல்முனைக்கும் அக்குளுக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். உடல் எடை உள்ளங்கையில்தான் விழ வேண்டும், அக்குளில் விழுந்தால் கை நரம்பு அழுந்தி மரத்துப்போகும். படி ஏறும்போது முதலில் நல்ல கால், அதன் பின் கட்டுப் போட்ட காலும் கோலும். இறங்கும்போது முதலில் கோலும் கட்டுப் போட்ட காலும், பின்பே நல்ல கால். கோலின் அடியிலுள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் பாசி பிடித்த கற்படியில் நிற்காது, உடனே மாற்றுங்கள். மழை நாளில் வெளிக் கழிவறைக்குத் தனியே இறங்குவதைவிட ஒருவரைத் துணைக்கு அழைப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

எலும்பு கூடுவதற்குப் புரதமும் கல்சியமும் வேண்டும். வெறும் ரொட்டியும் சம்பலுமாக நாட்களைக் கடத்தாமல் பருப்பு, முட்டை, பால், குரக்கன், முள்ளோடு மெல்லக்கூடிய நெத்தலிக் கருவாடு ஆகியவற்றில் முடிந்ததைச் சேருங்கள். புகைபிடித்தல் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.

கட்டை அகற்றுதல்

நாள் நெருங்கிவிட்டது, வலியும் இல்லை என்று கவ்வாத்துக் கத்தியாலோ கத்தரிக்கோலாலோ வீட்டில் வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எலும்பு கூடியதை எக்ஸ்ரேயும் வைத்தியரின் பரிசோதனையும்தான் சொல்லும், வலி நின்றது சொல்லாது. வைத்தியசாலையில் பயன்படுத்தும் வாள் பெரும் சத்தமிட்டாலும் சுழலாமல் அதிர்ந்து வெட்டுவதால் மென்மையான தோலைப் பொதுவாகக் கிழிப்பதில்லை. பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைத்தால் பயப்பட மாட்டார்கள். வெட்டும்போது வாளின் சூடு தாங்க முடியாவிட்டால் மட்டும் உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

உள்ளிருந்து வரும் கை மெலிந்து, தோல் செதில் செதிலாக உரிந்து, மூட்டு விறைத்திருக்கும். தேய்த்து உரிக்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, சிறிது தேங்காயெண்ணெய் பூசினால் சில நாட்களில் தோல் சீராகும். சொல்லித்தந்த பயிற்சிகளை நாள்தோறும் சிறிது சிறிதாகச் செய்ய வேண்டும், மாலையில் வீங்கினால் உயர்த்தி வைக்க வேண்டும். கொழுந்துக் கூடையைச் சுமப்பதற்கும் மலை ஏறுவதற்கும் எப்போது திரும்பலாம் என்பதை வைத்தியரிடம் கேட்டு, அதுவரை இலகுவான வேலை தரும்படி அவரிடமே எழுதி வாங்கித் தோட்ட நிர்வாகத்திடம் கொடுங்கள்.