பழைய வெள்ளிக் குங்குமச் சிமிழ் கைக்கு வந்தால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாட்டியின் பீரோவிலிருந்தோ பழம்பொருள் கடையிலிருந்தோ ஒரு வெள்ளிச் சிமிழ் கைக்கு வந்ததும் பலரும் முதலில் செய்வது, அதைப் பளபளவென்று துலக்குவதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மற்ற தவறுகளைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். தேய்ந்துபோன வேலைப்பாட்டைத் திரும்பக் கொண்டுவர எந்த ஆசாரியாலும் முடியாது.

வெள்ளி கறுப்பது அழுக்கினால் அல்ல. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு, வெள்ளி சல்பைடு என்ற மெல்லிய படலம் மேலே உண்டாகிறது. பற்பசையோ விபூதியோ போட்டுத் தேய்த்தால் அந்தப் படலத்தோடு கொஞ்சம் வெள்ளியும் போகும். வழவழப்பான தட்டில் இது தெரியாது. மூடியில் சிற்றுளியால் தட்டி எடுத்த மயில் இருந்தால் தெரியும்: முதலில் இறகுக் கோடுகள் மங்கும், அப்புறம் கண் மறையும், கடைசியில் மயில் இருந்த இடத்தில் ஒரு மேடு மட்டும் மிஞ்சும். சமையல் சோடாவும் அலுமினியத் தாளும் போட்ட வெந்நீரில் முக்கும் முறை வெள்ளியைத் தேய்க்காது என்பது உண்மைதான். ஆனால் வேலைப்பாட்டின் பள்ளங்களில் காலங்காலமாகப் படிந்து உருவத்தை எடுத்துக்காட்டும் கறுப்பையும் அது சேர்த்தே எடுத்துவிடும். கல் பதித்த சிமிழ், உள்ளே அரக்கு நிரப்பிய சிமிழ் என்றால் வெந்நீர் ஆகவே ஆகாது. பித்தளைக்குப் பழகிய கையோடு எலுமிச்சையும் உப்பும் எடுக்காதீர்கள், உப்பு வெள்ளியை அரிக்கும். மிதமான சோப்பு நீரில் நனைத்த பருத்தித் துணியால் துடைத்து, கீல் இடுக்கில் ஈரமில்லாமல் உலர்த்தினால் போதும். ரப்பர் பேண்டு போட்டோ கம்பளியில் சுற்றியோ வைக்க வேண்டாம், இரண்டிலும் கந்தகம் உண்டு.

துடைப்பதற்கும் முன்னால் உள்ளே பாருங்கள். விற்பவர்கள் எதைக் கொடுத்தாலும் 'மணப்பெண்ணின் குங்குமப் பெட்டி' என்றுதான் சொல்வார்கள். மூடியோடு சேர்ந்து ஒரு சிறு கோல் உள்ளே இறங்கினால் அது கண்மைச் சிமிழ். பல அறைகளும், ஓர் அறையின் அடியில் வெள்ளைப் பொருக்கும் இருந்தால் அது பெரும்பாலும் வெற்றிலைப் பெட்டி. அந்தப் பொருக்கு சுண்ணாம்பு. மாங்காய் வடிவில், மஞ்சளுக்கும் குங்குமத்துக்கும் தனித்தனி அறையோடு இருந்தால் அது மராட்டிய வீடுகளின் கோயரியாக இருக்கலாம். மூடியின் உட்புறம் கண்ணாடி பதித்த பெட்டிதான் ஒப்பனைக்கு என்று ஓரளவு நம்பிச் சொல்லக்கூடியது. மூலையில் ஒட்டியிருக்கும் செம்பொடியும் ஒரு சாட்சிதான். அதைச் சுரண்டி எறியும் முன் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

அதே பொடியை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வது இன்னொரு தவறு. பாட்டி வைத்த குங்குமம் என்ற பாசம் எனக்கும் புரிகிறது. ஆனால் மஞ்சளைக் காரப்பொருளோடு சேர்த்துச் சிவக்கவைத்த குங்குமம் வேறு, சிந்தூரம் வேறு. பழைய சிந்தூரத்தில் ஈயச் செந்தூரமோ பாதரச சல்பைடோ இருக்கலாம். கண்ணுக்கு இடும் சுர்மா என்ற மைப்பொடி பழையதானால் அதில் ஈய சல்பைடு இருக்கலாம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பொடி படிந்த சிமிழைக் குழந்தை கையில் விளையாடக் கொடுக்கவே கூடாது. புதுக் குங்குமத்தையும் நேரடியாக வெள்ளியில் கொட்டாமல், உள்ளே ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணம் வைத்து அதில் போடுங்கள்.

அடுத்தது நம்பிக்கை சார்ந்த தவறு: 'வெள்ளிச் சிமிழ் இல்லாமல் இந்துக் கல்யாணம் முழுமையாகாது.' அப்படி ஒரு பொது விதியே கிடையாது. பீகாரில் மணமகன் வகிட்டில் இடும் சிந்தூரத்தை வைக்கும் சின்ஹோரா பெரும்பாலும் மரத்தால் ஆனது. அதைப் பெண் ஆயுள் முழுக்கப் பத்திரமாக வைத்திருப்பாள். வங்காளத்தில் மணப்பெண் தன் சிந்தூரச் சிமிழைச் சடங்கு நேரத்தில் கையிலேயே பிடித்திருப்பாள். நம் ஊரில் மையமான சடங்கு தாலி கட்டுவது. குங்குமச் சிமிழ் சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்போடு சேர்ந்து சீர்த்தட்டிலும் வரவேற்பு மேசையிலும் வருவது. சட்டமும் பெட்டியைக் கேட்கவில்லை. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் இரு தரப்பில் ஒருவருடைய வழக்கப்படியான சடங்குகளை ஏற்கிறது. தமிழ்நாட்டின் 1967-ஆம் ஆண்டுத் திருத்தப்படி, உறவினர், நண்பர்கள் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். சிமிழ் வாங்க வசதியில்லாத வீட்டில் கல்யாணம் குறைந்துவிடவில்லை என்பதை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் இந்தப் பேச்சால் கடன் வாங்கும் வீடுகள் உண்டு.

சிமிழ் யாருடையது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. கல்யாணத்தின்போது பெண்ணுக்குக் கொடுத்தது ஸ்ரீதனம். அது அவளுடைய சொத்து. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 14-ஆம் பிரிவு அவளை முழு உரிமையாளர் என்கிறது. கல்யாணமானதும் ஸ்ரீதனம் கணவன் வீட்டின் பொதுச்சொத்தாகிவிடாது என்று 1985-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. மாமியார் பீரோவில் இருப்பதால் அது மாமியாருடையதாகிவிடாது.

வாங்கும்போது காந்தத்தை மட்டும் நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது, சரி. செம்பும் ஜெர்மன் சில்வரும்கூடத்தான் ஒட்டாது. ஜெர்மன் சில்வர் என்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. அதில் வெள்ளியே இல்லை. கீலருகிலும் அடிவிளிம்பிலும் மஞ்சளோ சிவப்போ எட்டிப் பார்த்தால் மேல்பூச்சு தேய்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். அமிலச் சொட்டு வைத்துப் பார்க்க விடாதீர்கள், தழும்பு நிற்கும். எக்ஸ்ரே கருவி உள்ள கடையில் சுரண்டாமலே தரம் பார்க்கலாம். ஹால்மார்க் இல்லை என்பதற்காகப் பழைய பொருளை ஒதுக்கவும் வேண்டாம், இந்திய ஹால்மார்க் முறை அண்மைக் காலத்தது. தேய்மானத்தையும் கவனியுங்கள். உண்மையாகப் புழங்கிய சிமிழ் விரல் படும் மூடிவிளிம்பிலும் தரை படும் அடியிலும்தான் தேய்ந்திருக்கும். எல்லா இடமும் ஒரே மாதிரி கறுத்திருந்தால், கந்தகக் கரைசலில் முக்கி எடுத்த புதுப் பொருளாக இருக்கலாம். கூட்டல் குறி வெட்டுள்ள திருகாணி தெரிந்தால் அது 1930-களுக்கு முந்தைய திருகாணி அல்ல.

கடைசியாக, வெளிநாட்டிலிருக்கும் மகளுக்குச் சிமிழைப் பெட்டியில் போட்டு அனுப்புவது. 100 ஆண்டு கடந்த கைவினைப் பொருள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும், தனியார் அதை நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல முடியாது. வீட்டுப் பொருள்தானே என்பது விமான நிலையத்தில் செல்லாது. அத்தனை பழையதில்லை என்று நீங்கள் நினைத்தால், தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு பயணச்சீட்டு எடுங்கள்.