உப்புக்காற்று வீசும் கரையில் பசுமைக்குடில் ஜன்னல் அமைக்கும் முறை

குளிர் நாடுகளில் வெயிலின் சூட்டைப் பிடித்து வைப்பதற்காகச் சுவருக்கு வெளியே துருத்தி நிற்கும்படி பொருத்தப்படும் கண்ணாடிப் பெட்டியே பசுமைக்குடில் ஜன்னல். மண்டபம், பாம்பன், கீழக்கரை போன்ற நம் ஊர்களில் சூட்டுக்குப் பஞ்சமில்லை. கொத்தமல்லியையும் புதினாவையும் கருக்குவது உப்புக்காற்றே. ஆகவே இங்கு அமைக்கும் பெட்டி காற்றைத் தடுக்கவும் வேண்டும், சூட்டை வெளியேற்றவும் வேண்டும்.

1. திசையைத் தேர்ந்தெடுத்தல்

கிழக்கு ஜன்னலே சிறந்தது. காலை வெயில் சாய்வாக உள்ளே விழும். உச்சி வெயிலை ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடு தடுத்துவிடும் என்பதால் அதை இடிக்க வேண்டாம். மேற்குச் சுவரைத் தவிர்த்துவிடுங்கள். நான் முதலில் மேற்கில்தான் அமைத்தேன். பிற்பகல் வெயிலில் ஒரே சித்திரைக்குள் கீரை நாற்றுகள் அனைத்தும் வெந்துபோயின.

2. அளவும் எடையும்

ஏற்கெனவே உள்ள ஜன்னல் திறப்பையே பயன்படுத்துங்கள். திறப்பை அகலப்படுத்தினால், அதற்கு மேலுள்ள சுவரைத் தாங்கும் லிண்டல் பலவீனமாகும். 3 அடி அகலமும் 4 அடி உயரமும் உள்ள ஜன்னலுக்குப் பெட்டி 15 அங்குலம் வெளியே நீண்டால் போதும். 5 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 12.5 கிலோ எடை கொண்டது. முன்பக்கம், இரு பக்கவாட்டுகள், மேற்பகுதி அனைத்தையும் கண்ணாடியாலேயே மூடினால் ஏறத்தாழ 30 கிலோ ஆகும். ஈர மண் நிரம்பிய பத்துத் தொட்டிகளையும் சட்டத்தையும் சேர்த்து, 100 கிலோவுக்குக் குறையாமல் தாங்கும்படி கணக்கிடுங்கள். டஃபன்ட் கண்ணாடியை, அதாவது சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடியை, செய்து முடித்த பிறகு வெட்ட முடியாது. எனவே சட்டத்தைச் செய்து அளந்த பிறகே கண்ணாடிக்குச் சொல்லுங்கள்.

ஜன்னலில் இரும்புக் கிரில் இருந்தால் முழுவதையும் அகற்றாமல், ஒரு பகுதியை மட்டும் வெட்டிக் கீலும் பூட்டும் வைத்துக் கதவாக்கினால், கை நுழைத்துத் தண்ணீர் ஊற்றவும் முடியும், வீட்டின் பாதுகாப்பும் குறையாது.

3. சட்டமும் தாங்கிகளும்

சாதாரண இரும்புத் திருகாணிகள் கடற்கரையில் விரைவில் துருப்பிடித்துவிடும். 304 வகைத் துருப்பிடிக்காத எஃகைவிட மாலிப்டினம் கலந்த 316 வகை உப்பை நன்கு எதிர்க்கும். விலை கூடுதலானாலும் போல்ட்டுகளில் சிக்கனம் பார்க்காதீர்கள், ஏனெனில் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் கடந்த கரை இது. சட்டத்துக்கு யுபிவிசி என்ற கெட்டியான பிளாஸ்டிக் பொருத்தமானது. அலுமினியம் எடுத்தால், அது எஃகுடன் நேரடியாக உரசும் இடங்களில் உப்பு ஈரத்தால் அரிக்கும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் நைலான் வாஷர் போடுங்கள். பெட்டியின் அடியில் மூன்று முக்கோணத் தாங்கிகள் வேண்டும். உள்ளே வெற்றிடமுள்ள ஹாலோ பிளாக் சுவரில் விரிவடையும் ஆங்கர் போல்ட் பிடிக்காது. சுவரை ஊடுருவும் நீண்ட போல்ட்டைச் செலுத்தி, உட்புறம் தகடு வைத்து முடுக்க வேண்டும்.

4. மூடுதலும் காற்றோட்டமும்

மேற்பகுதியைக் கண்ணாடிக்குப் பதிலாக 6 மி.மீ. பாலிகார்பனேட் தகட்டாலும் மூடலாம். புற ஊதா பூச்சுள்ள பக்கம் வெளிநோக்கி இருக்கட்டும். மழைநீர் வழிய மேற்பகுதியை 3 அங்குலம் சாய்த்து, சுவரோடு சேரும் விளிம்பைச் சிலிகானால் அடைத்துவிடுங்கள்; வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சுவரில்தான் அதிகம் அடிக்கும்.

இனி வருவது மிக முக்கியமானது. சூடான காற்று மேலே எழும் என்பதால், பக்கவாட்டுகளின் அடியில் ஒரு திறப்பும், முன்பக்கத்தின் மேல் ஓரம் முழுவதும் கீல் வைத்த பலகமும் கட்டாயம் தேவை. இரண்டிலும் பூச்சிவலை பொருத்துங்கள். கோடையில் கண்ணாடியின் வெளிப்புறம் 50 சதவீத நிழல்வலையைத் தொங்கவிடுங்கள். உட்புறம் கட்டினால் சூடு பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும்.

5. நடுவதற்கு முன்

காலிப் பெட்டிக்குள் ஒரு வாரம் வெப்பமானியை வையுங்கள். 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் திறப்புகளை அகலமாக்குங்கள். அதன்பின் புதினா, அரைக்கீரை, கற்பூரவள்ளி ஆகியவற்றில் தொடங்கலாம். கொத்தமல்லியைப் புரட்டாசிக்குப் பிறகு விதைப்பது நல்லது. தென்னை நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நல்ல நீரில் ஊறவைத்து வடித்த பின்பே மண்ணோடு கலக்குங்கள். கரையோரக் கிணற்று நீர் பெரும்பாலும் உவர்ப்பானது. சேமித்த மழைநீரையோ குடிநீரையோ ஊற்றுங்கள். கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கண்ணாடியில் உப்புப் படலம் படிந்து வெளிச்சத்தைக் குறைக்கும். வாரம் ஒரு முறை நல்ல நீரால் கழுவித் துடைத்துவிடுங்கள்.